கோபுரம் தெரிகிறது, இழை தெரியவில்லை

சென்ற ஆண்டுச் சாரல் காலத்தில், தென்காசியை அடுத்த ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆய்வுக்காக இரண்டு தினங்கள் தங்க நேர்ந்தது. சங்கத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. துணிக் கொள்முதல் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு வந்தபோது, ஓர் அங்கத்தினரின் கணக்கில் மட்டும் தரக்குறைவுப் பிடித்தம் மாதம் தவறாமல் ஏறியிருப்பதைக் கண்டேன். இழை விட்டுப்போதல், இரட்டை இழை, கரை சீர்கேடு என்று குற்றங்கள் எழுதப்பட்டிருந்தன. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில், "தரக்குறைவு மிகுதி, அங்கத்தினரை எச்சரிக்க" என்று ஒரு குறிப்பு. அது முந்தைய ஆண்டில் நானே எழுதியது.

மாலையில் அவருடைய வீட்டுக்குச் சென்றேன். வயது ஐம்பத்து நான்கு. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குழித்தறியில் அமர்ந்தவர். "அண்ணாச்சி, கண் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் சற்றே தயங்கி, தெருவைப் பார்த்துக் கையை நீட்டினார். "கோபுரம் நல்லாத் தெரியுது ஐயா. இழைதான் தெரியல" என்றார். காசி விசுவநாதர் கோயில் கோபுரம் மேகத்துக்கு நடுவே தெளிவாகத்தான் நின்றது. இழை அறுந்தால் பிணைப்பதற்கு மருமகளைக் கூப்பிடுகிறாராம். அந்தப் பெண் அடுப்பு வேலையை விட்டுவிட்டு நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து தடவை தறிக்கு வருகிறாள். சங்கத்துக் கணக்கில் ஒருவர் கூலி; வீட்டிலோ இரண்டு பேர் உழைப்பு. இது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அன்று முதல் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தைத்தான் அங்கத்தினர்கள் முன் வைக்கிறேன். கண் கெட்டால் ஒருவனுக்கு என்ன நஷ்டம்? அந்த நஷ்டத்தை எதைக்கொண்டு அளப்பது?

பார்வையை அளக்கும் கருவி எல்லோரும் அறிந்ததே. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறுத்துப்போகும் எழுத்துகள். ஹாலந்து தேசத்துக் கண் வைத்தியர் ஹெர்மன் ஸ்னெல்லன் என்பவர் 1862-ஆம் ஆண்டில் வகுத்த அட்டை அது. நல்ல கண் 60 மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை, நோயாளி 6 மீட்டரில் நின்றுதான் படிக்க முடியுமானால் அவருக்கு 6/60 என்று எழுதுவார்கள். கணக்கு சுலபம், செலவு இல்லை, எந்த ஊரில் சோதித்தாலும் ஒரே பொருள். நூற்றறுபது ஆண்டுகளாக அது நிலைத்து நிற்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த எண் சொல்லுவது எவ்வளவு? நம் தேசத்தில் குருட்டுத்தன்மைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1976-இல் தொடங்கியது. நெடுங்காலம் வரையில், மேலான கண்ணில் 6/60-க்குக் குறைந்த பார்வையுடையவரைப் பார்வையற்றவர் என்று கணக்கிட்டு வந்தார்கள். 2017-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவையொட்டி அந்த எல்லை 3/60 என்று மாற்றப்பட்டது. உலக நாடுகளோடு ஒப்பிடுவதற்கு அது தேவைதான், குறை கூறுவதற்கில்லை. எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முந்தின நாள் பார்வையற்றவர் பட்டியலில் இருந்த ஒருவர் மறுநாள் அதில் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையின் உயரமோ கிணற்றடி வழுக்கலோ ஓர் அங்குலமும் மாறவில்லை. "மேலான கண்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். நெற்கதிரோ சோகையோ குத்தி ஒரு கண்ணின் கருவிழி புண்ணாகிப் பார்வை போன விவசாயி, மற்றக் கண் நன்றாயிருந்தால் இந்தக் கணக்கில் முழுப் பார்வையுள்ளவரே. வரப்பு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, அரிவாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டுக்கட்டுவதில் அவருக்குள்ள கஷ்டம் அட்டைக்குத் தெரியாது.

நிற்க. நோயாளியையே கேட்டு அறியலாமே என்ற யோசனை மேல்நாட்டில் 1990-களில் வலுப்பெற்றது. அமெரிக்காவில் 1994-இல் பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் வெளியாயிற்று. கண்புரை உள்ளவர்களிடம் கேட்டு, பூஜ்யம் முதல் நூறு வரை மதிப்பெண் கொடுப்பார்கள். நல்ல முயற்சி. ஆனால் கேள்விகளைப் பாருங்கள்: கார் ஓட்டுவதில் சிரமம் உண்டா, காசோலை எழுதுவதில் சிரமம் உண்டா, சீட்டு விளையாடுவதில், கோல்ஃப் டென்னிஸ் ஆடுவதில்! இலஞ்சியில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஒருவரிடம் இதைக் கொண்டுபோய் நீட்டினால், "அந்த வேலை எதுவும் நான் செய்வதில்லை" என்று பதினான்கில் பாதிக்குப் பதில் வரும். செய்யாத காரியத்தில் சிரமம் இல்லை அல்லவா? ஆகவே தாளின்படி அவருக்கு நோயின் பாரம் குறைவாகவே இருக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க நம் அண்டையிலேயே வேலை நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நம் அங்கத்தினர் பலர் அறிவர். 1988 முதல் திருநெல்வேலியிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்த துளசிராஜ் முதலானோரும், லண்டனிலிருந்து ஆஸ்ட்ரிட் ஃபிளெச்சர் என்ற அம்மையாரும், அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் எல்வைன் என்பவரும் சேர்ந்து, தென்னிந்தியக் கண்புரை நோயாளிகளுக்கென்றே ஒரு வினாத்தாளை அமைத்து 1997-இல் வெளியிட்டார்கள். அதில் இரு பகுதி. ஒன்று கண்ணின் தொழிலைப் பற்றியது: தெருவின் எதிர்ப்புறம் வருபவரை அடையாளம் தெரிகிறதா, வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்தால் கண் பழக எவ்வளவு நேரமாகிறது, பக்கவாட்டில் இருப்பது தெரிகிறதா என்பன போல. மற்றொன்று வாழ்க்கையைப் பற்றியது: குளித்தல், உடுத்தல், உண்ணுதல், பக்கத்து வீட்டுக்கும் கடைக்கும் நடந்து போதல், வீட்டு வேலை, கல்யாணம் திருவிழாவுக்குப் போதல், பிறருக்குப் பாரமாக இருக்கிறோமே என்ற எண்ணம், மனச்சோர்வு. கார் இல்லை, கோல்ஃப் இல்லை.

இது வெறும் ஏட்டுப் பயிற்சியாக நின்றுவிடவில்லை. அக்காலத்தில் கண்புரைச் சிகிச்சை இரு வகையாக நடந்தது. புரை படிந்த வில்லையை முழுதும் எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பது பழைய முறை. கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைப்பது புதிய முறை. புதியதற்குச் செலவும் நேரமும் அதிகம். ஏழை நாட்டுக்கு அது தகுமா என்ற வாதம் வலுவாக நடந்தது. மதுரையில் 40 முதல் 75 வயது வரையிலான 3,400 பேரைச் சீட்டுப் போட்டது போல் இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முறையில் சிகிச்சை செய்து, ஓராண்டு வரை பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 1998-இல் வெளியாயின. கண்ணாடி போட்டு அட்டையைப் படிக்கச் சொன்னால் இரு பிரிவிலும் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே படித்தார்கள். வினாத்தாளைக் கேட்டபோதோ, இரு சாராருமே பெரும் பயன் கண்டதாகச் சொன்னாலும், உள்வில்லை பெற்றவர்களின் பயன் மேலோங்கி நின்றது.

தடித்த கண்ணாடிக்காரர்களை முப்பது வயதுக்கு மேற்பட்டவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என் பாட்டனார் அப்படி ஒன்று அணிந்திருந்தார். பொருள்களெல்லாம் கால் பங்கு பெரிதாகவும் பக்கத்தில் வந்துவிட்டது போலவும் தோன்றும். தண்ணீர்ச் செம்பை எடுக்கப்போனால் கை அதற்கு முன்பே மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு வளையம் முழுதும் காணாமற்போய், அதனுள்ளிருந்து சைக்கிள் திடீரென்று முளைத்து வரும். "டாக்டர் பார்வை வந்துவிட்டது என்கிறார், எனக்குத்தான் வரவில்லை" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சொன்னது சரியான அளவீடு என்று இப்போதுதான் விளங்குகிறது. இன்று உள்வில்லை எங்கும் வழக்கமாகிவிட்டது. மதுரையிலேயே 1992-இல் தொடங்கிய ஆரோலேப் என்ற ஆலை அந்த வில்லையை மலிவாகச் செய்யத் தொடங்கியது முக்கிய காரணம். நோயாளிகளின் வாய்மொழியை எண்ணாக்கிக் காட்டிய அந்த வினாத்தாளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

பின்னர் 2005-இல், கண்புரைக்கு மட்டுமன்றிக் கண் அழுத்த நோய்க்கும் நீரிழிவால் வரும் விழித்திரை நோய்க்கும் பொருந்தும்படி, முப்பத்து மூன்று கேள்விகள் கொண்ட இந்திய வினாத்தாள் ஒன்று வெளிவந்தது. டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தின் மூர்த்தி முதலானோருடன் மேற்சொன்ன துளசிராஜும் ஃபிளெச்சரும் அதில் உழைத்தார்கள். கேள்விகளை அறையில் அமர்ந்து கற்பனை செய்யாமல், நோயாளிகளைக் கூட்டிவைத்து, அவர்கள் சொன்ன கஷ்டங்களிலிருந்தே பொறுக்கி எடுத்தார்கள். இருபத்தொரு கேள்வி அன்றாட வேலைகளைப் பற்றி: படியேறுவது, சாலையில் மேடுபள்ளம், எதிரே மாடோ வண்டியோ வருவது, பேருந்தின் பலகை, சில்லறை எண்ணுவது, பூட்டில் சாவி நுழைப்பது, சோற்றில் விழுந்ததைக் கண்டெடுப்பது. ஏழு கேள்வி கண் கூசுதல், மங்கல், விளக்கைச் சுற்றி நட்சத்திரம் தெரிதல் பற்றி. எஞ்சிய ஐந்து மனத்தைப் பற்றியவை: இரவில் வெளியே போக அச்சமா, பார்வை இல்லையென்று வெட்கமா, இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்ற பயமா.

கணக்கில் பழகியவனாதலால் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. "கொஞ்சம் கஷ்டம்" என்பதற்கு ஒன்று, "மிகவும் கஷ்டம்" என்பதற்கு இரண்டு என்று போட்டுக் கூட்டிவிட்டால் அது அளவாகிவிடுமா? ரூபாயும் படியும் முழமும் சேர்ந்த கூட்டல் போலல்லவா இருக்கிறது? இதற்கு வழி கண்டவர் டென்மார்க் தேசத்துக் கணித அறிஞர் ஜார்ஜ் ராஷ். 1960-இல் அவர் நூல் வெளிவந்தது. நெசவாளருக்கு அது எளிதில் விளங்கும். நூறாம் நம்பர் நூலை விளக்கொளியில் பிணைக்கக்கூடியவரிடம் இருபதாம் நம்பர் நூலைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. இருபதே தெரியாதவரிடம் நூறைக் கேட்பதும் வீண். எந்தக் கேள்வி கடினம், எந்தக் கேள்வி எளிது என்பதைப் பலருடைய பதில்களிலிருந்தே வரிசைப்படுத்தினால், அந்த வரிசை ஒரு முழக்கோலாகிறது. அதில் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். வரிசையில் ஒட்டாத கேள்வியைக் கழித்துவிடலாம். கண் வினாத்தாள்களை இம்முறையில் சோதித்துத் திருத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது.

கேட்கும் முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. இந்தக் கேள்விகளில் சிலவற்றை எழுதி வைத்துக்கொண்டு, சங்க வேலையாகப் போகும் இடங்களில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். வைத்தியம் படித்தவனல்லன், இது ஆராய்ச்சியும் அன்று. கடையநல்லூர்ப் பக்கம் தார் சுற்றும் ஓர் ஆச்சியிடம் மகன் முன்னிலையில் கேட்டபோது, "எனக்கு என்ன குறைச்சல், ராசா மாதிரிப் பிள்ளை பார்த்துக்கிடுதான்" என்றார். மகன் அப்பால் போன பிறகு, இரண்டு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை என்றார். பந்தியில் இலையிலிருப்பது தெரியாமல் கை பாயசத்தில் பட்டு, பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டாராம். அதற்குப் பின் தலைவலி என்று சொல்லிவிடுகிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இலஞ்சியில் ஒரு பெரியவர், பிறந்தது முதல் சாரல் தவறாமல் குற்றாலத்துக்குப் போனவர். பேரருவியில் தலையைக் கொடுக்காவிட்டால் ஆனி ஆடி வந்ததாகவே தோன்றாது என்பார். இரண்டு பருவமாகப் போகவில்லை. ஈரப் பாறையும் படியும் ஒரே வெள்ளையாகப் பளபளக்கிறதாம். படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கூட்டத்தில் பேரனின் கை விட்டுப்போனால் கண்டுபிடிக்க முடியாது என்ற பயம். "வயசாயிட்டு, அருவி எதுக்கு" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்படிப் பழகிப்போவதுதான் இந்த அளவீட்டில் பெரிய இடையூறு. கஷ்டம் தரும் காரியத்தை விட்டுவிட்டவர், கஷ்டம் இல்லை என்று சொல்லுவார். ஆகையால் "சிரமம் உண்டா" என்பதோடு, "முன்பு செய்து இப்போது விட்டுவிட்டது என்ன" என்றும் கேட்க வேண்டும். அவருக்குக் கண்புரை என்று பின்னர் தெரிந்தது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 1.99 பேர் பார்வையற்றவர் என்றும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்புரையே காரணமென்றும் கண்டார்கள். அறுவைச் சிகிச்சையால் நீக்கக்கூடிய ஒன்று இவ்வளவு பேரை முடக்கி வைத்திருக்கிறது.

இதற்கு நேர்மாறானது கண் அழுத்த நோய். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர் அட்டையின் கடைசி வரி வரை படித்தார். ஆனால் தோட்டத்தில் கிளையும் முள்ளும் முகத்தில் படுகின்றன, தராசுத் தட்டை இடித்துவிடுகிறார். பக்கப் பார்வையை ஓசையில்லாமல் தின்றுகொண்டு வரும் நோய் அது, போனது திரும்பாது. இருப்பதையாவது மருந்தால் காக்கலாம். "பக்கத்தில் இருப்பது தெரிகிறதா?" என்ற ஒரு கேள்வி முன்பே கேட்கப்பட்டிருந்தால் அவர் இன்னும் சீக்கிரம் வைத்தியரிடம் போயிருப்பார்.

இனி, முதலில் சொன்ன நெசவாளருக்கு வருவோம். அவருக்கு இருந்தது நோயே அன்று, வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவது. அதனாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரிடம் ஒரு பரிசோதனை நடத்தி 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு உடனே கிட்டப்பார்வைக்கான கண்ணாடி இலவசமாகக் கொடுத்தார்கள். மற்றவருக்குப் பரிசோதனை முடிந்த பின். கண்ணாடி பெற்றவர்கள் ஒரு நாளில் பறித்த இலை ஏறக்குறைய 25 கிலோவிலிருந்து 35 கிலோவாக உயர்ந்தது. பருவத்தினால் மற்றவர்களுக்கும் கொஞ்சம் உயர்ந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் நூற்றுக்கு 21.7 பங்கு லாபம். பங்களாதேஷில் கைத்தொழிலாளர் உள்ளிட்ட 824 பேரிடம் செய்த இன்னொரு சோதனை 2024-இல் வெளியாயிற்று; எட்டு மாதத்தில் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடிற்று. தேயிலை பறிப்பதைவிடக் கண்ணை அதிகம் நம்பியிருக்கும் தொழில் நெசவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நெசவாளரைக் கண் சோதனைக்கு அனுப்பினோம். முதலில் கொடுத்த கண்ணாடி தறிக்குப் பயன்படவில்லை. தினசரிப் பத்திரிகை படிப்பதற்கான தூரத்துக்கு அது அளந்து கொடுக்கப்பட்டது. தறியில் கண்ணுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் அதைவிட அதிகம். இரண்டாம் முறை போகும்போது, தறியில் அமர்ந்து கண்ணிலிருந்து துணி விழும் இடம் வரை ஒரு நூலைப் பிடித்து, அதே நீளத்தில் அறுத்து மடியில் கொண்டுபோகச் சொன்னேன். சோதித்தவர் அந்த நூலை வைத்தே கண்ணாடி எண்ணைத் திருத்திக் கொடுத்தார். இந்த ஒரு காரியத்தை எல்லா நெசவாளரும் செய்யலாம். பூக்கட்டுகிறவரும் தையற்காரரும் கூடத்தான்.

இப்போது மருமகளைக் கூப்பிடுவது இல்லை. ஆய்வுக்குப் போகுமிடங்களில், தரக்குறைவுப் பிடித்தம் மூன்று மாதம் தொடர்ந்தால் எச்சரிக்கைக்கு முன் கண் சோதனைக்கு அனுப்புக என்று எழுதி வருகிறேன். இரண்டு சங்கங்கள் அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கின்றன. என் சிவப்பு மைக் குறிப்பின் பின் அந்த நெசவாளரிடம் பிடித்த தொகையைத் திருப்பித் தர இயலுமா என்று சங்கத்தில் கேட்டேன். ஆண்டுக் கணக்கு முடிந்து தணிக்கையும் ஆகிவிட்டது என்று பதில் வந்தது. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்க்கும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன்.